மகளிரியல் எம்.ஏ. படிக்க ஆசை, வீட்டில் பி.எட். போகச் சொல்கிறார்கள்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

1. கரிசல்_மழை

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 24 வயது. தமிழ் வழிப் பள்ளி, அப்புறம் பி.ஏ. ஆங்கில இலக்கியம். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறார், அம்மா வீட்டிலிருந்தே பெட்டி ஒட்டுகிறார். படிப்பு முடிந்ததும் குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்கள் வரும் ஓர் உதவி மையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டு வருஷம் ஆகிறது. வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதுவது, மருத்துவமனைக்கோ காவல் நிலையத்துக்கோ கூட்டிப்போவது, வக்கீலிடம் பேசவைப்பது, இவைதான் என் வேலை.

எங்கள் பதிவேட்டில் கடைசிக் கட்டத்தில் 'முடிவு' என்று ஒரு பத்தி இருக்கிறது. பக்கம் பக்கமாகப் புரட்டினால் அதில் அதிகம் இருப்பது ஒரே சொல்: சமரசம். அந்தச் சொல்லை எழுதியதும் வழக்கு முடிந்ததாகக் கணக்கு. முதலில் எனக்கும் அது நிம்மதியாக இருந்தது. கொஞ்ச நாள் கழித்துத்தான் கவனித்தேன், அதே பெண் ஐந்தாறு மாதத்தில் திரும்ப வருகிறார், அவருக்கு ஒரு புது எண் போடுகிறோம், திரும்பவும் சமரசம் என்று எழுதுகிறோம். காகிதத்தில் பார்த்தால் இரண்டு வழக்கு, இரண்டும் தீர்ந்தது. அந்தப் பெண்ணைப் பார்த்தால் ஒன்றும் தீரவில்லை.

இதைப் பற்றிப் படிக்கவேண்டும், ஆராயவேண்டும் என்று ஓர் எண்ணம் வந்துவிட்டது, விடமாட்டேன் என்கிறது. மகளிரியல் எம்.ஏ. என்று ஒன்று இருப்பது மையத்துக்கு வந்த ஒரு மாணவி மூலம்தான் தெரியும். வீட்டில் சொன்னால், "பி.எட். முடி, டெட் எழுது, டீச்சர் ஆயிடலாம்" என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் தப்பில்லை. ரெண்டு வருஷம் நான் சம்பாதிக்காமல் இருந்தால் வீடு தாங்குமா என்பது நிஜமான கேள்வி.

எங்கே படிக்கலாம், வேலை கிடைக்குமா, என் ஆங்கிலம் போதுமா, வேறு பாடத்தில் எம்.ஏ. எடுத்துவிட்டு ஆராய்ச்சிக்கு இந்தப் பக்கம் வரலாமா? படித்தவர்கள் சொல்லுங்கள்.

2. வைகை_வெயில்

வாங்க தோழி. நான் மகளிரியலில் முனைவர் பட்டம் நான்காம் வருஷம். கிடைக்கும் இடங்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தமிழ்நாட்டுக்குள் என்றால் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் (கொடைக்கானல், 1984இல் தொடங்கியது), திருச்சி பாரதிதாசன், காரைக்குடி அழகப்பா. இந்த மூன்றிலும் மகளிரியல் துறை இருக்கிறது. வெளியே போக முடியுமென்றால் மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், ஹைதராபாத் மத்தியப் பல்கலை, புனே சாவித்திரிபாய் புலே பல்கலையின் மகளிரியல் மையம், டெல்லி அம்பேத்கர் பல்கலை. மத்தியப் பல்கலைகளுக்கு க்யூட் பிஜி என்ற பொது நுழைவுத் தேர்வு எழுதவேண்டும். ஒவ்வொரு வருஷமும் சேர்க்கை முறையில் ஏதாவது மாற்றுகிறார்கள், ஆகவே அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இரண்டு பக்கமும் பாடத்தின் மணம் வேறு. நான் பார்த்தவரை இங்கே சுய உதவிக் குழு, தொழில்முனைவு, திட்டங்கள், பயிற்சி என்று வளர்ச்சிப் பக்கம் சாய்வு அதிகம். களத்துக்குப் போய்ப் பழக அது நல்லது. வடக்கிலும் ஹைதராபாத்திலும் கோட்பாடு, சாதி, சட்டம், வரலாறு எல்லாம் ஆழமாகப் போகும், வாசிப்பு மூச்சு முட்டும். உங்கள் கேள்விக்கு இரண்டும் வேண்டும்.

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்குமான நெட் தேர்வைப் பற்றி இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மகளிரியல் அதில் தனிப் பாடம். முதல் தாள் 50 கேள்வி 100 மதிப்பெண், இரண்டாம் தாள் 100 கேள்வி 200 மதிப்பெண், தவறான விடைக்குக் கழிப்பது கிடையாது. எம்.ஏ.வில் 55 சதவீதம் வேண்டும். பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், மூன்றாம் பாலினத்தவருக்கு 50. ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். அதற்கு வயது வரம்பு 30, பெண்களுக்கு 5 வருஷம் தளர்வு உண்டு. உங்களுக்கு நேரம் இருக்கிறது, பதற்றம் வேண்டாம். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும், தமிழில் வராது. எனக்கு இதில் இன்னும் ஆற்றாமை தீரவில்லை.

நீங்கள் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. செய்தால் நெட்டையும் அந்தப் பாடத்தில் எழுதத்தான் சொல்வார்கள். எம்.ஏ. எடுத்த பாடத்திலேயே தேர்வு எழுதவேண்டும் என்பது பொது விதி. அதனால் "பிறகு மாறிக்கொள்ளலாம்" என்பது நினைப்பதைவிடக் கடினம்.

3. கணக்குப்பிள்ளை

நான் சொல்வது கசக்கலாம். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, என் தங்கையின் கதையை வைத்துச் சொல்கிறேன்.

அவள் மகளிரியல்தான் படித்தாள். முதல் வகுப்பு. முடித்துவிட்டு மூன்று வருஷம் வேலை தேடினாள். கல்லூரி ஆசிரியர் பணியிடம் என்பது பாடவாரியாக வருவது. இளங்கலையில் மகளிரியல் துறை வைத்திருக்கும் கலைக் கல்லூரிகளை விரல் விட்டு எண்ணலாம். துறை இல்லை என்றால் பணியிடம் இல்லை. சமூகவியலுக்கு விண்ணப்பித்தால் "உங்கள் பட்டம் இதற்குச் சமமா, அரசாணை காட்டுங்கள்" என்பார்கள். அவளுக்கு அந்தக் காகிதத்துக்காக அலைந்ததிலேயே ஒரு வருஷம் போனது. கடைசியில் ஒரு திட்டத்தில் 11 மாத ஒப்பந்தம், அதுவும் இரண்டு தடவை நின்று தொடர்ந்தது.

உங்கள் வீட்டில் பணம் இருந்தால் நான் வாயே திறக்கமாட்டேன். இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) படியுங்கள். உங்களைப் போன்ற மையங்களில் நிர்வாகி பணிக்கு வரும் விளம்பரங்களைப் பாருங்கள், பெரும்பாலும் சமூகப் பணி, உளவியல், சட்டம் என்றுதான் தகுதி கேட்பார்கள். அல்லது பொருளியல், புள்ளியியல் பக்கம் போங்கள். பெண்கள் பிரச்சினையை ஆராய அந்தப் பட்டம்தான் வேண்டும் என்று இல்லை.

4. கரிசல்_மழை

கணக்குப்பிள்ளை அண்ணா, கசக்கவில்லை. சம அரசாணை விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. இதைச் சொல்லாமல் "கனவைத் துரத்து" என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் மாட்டியிருப்பேன். தங்கைக்கு என் அன்பைச் சொல்லுங்கள், இப்போது எப்படி இருக்கிறார்?

எனக்கு ஒரு பயம் உண்டு. எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்கள்தான் எங்கள் மையத்தில் மேலே இருக்கிறார்கள். நல்லவர்கள், உழைப்பவர்கள். ஆனால் ஒரு குடும்பத்தை எப்படிச் சேர்த்து வைப்பது என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். ஏன் சேர்த்து வைக்கிறோம் என்று கேட்டால் பதில் இல்லை. நான் கேட்க நினைப்பது அந்த 'ஏன்'. அதை எந்த வகுப்பில் கேட்க விடுவார்கள்?

5. ஓய்வுபெற்ற_ஆசிரியை

மகளே, நீ கேட்டதற்கு ஒரு பழைய கதையில் இருந்து தொடங்குகிறேன்.

1971இல் இந்திய அரசு பெண்களின் நிலை குறித்து ஆராய ஒரு குழு போட்டது. அதன் உறுப்பினர் செயலர் வீணா மஜும்தார். அந்தக் குழுவில் இருந்தவர்கள் பலரும் படித்து, பதவியில் இருந்த பெண்கள். விடுதலைக்குப் பிறகு பெண்கள் முன்னேறியிருப்பார்கள் என்ற நம்பிக்கையோடு உட்கார்ந்தவர்கள். கணக்கை எடுத்தால் நேர்மாறாக இருந்தது. 1901இல் ஆயிரம் ஆண்களுக்கு 972 பெண்கள், 1971இல் 930. ஒவ்வொரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் எல்லோர் கண் முன்னாலும் இருந்த எண்தான். ஏன் என்று உட்கார்ந்து கேட்க ஆள் இல்லை. 1974இல் வந்த அவர்களுடைய அறிக்கைதான் இந்தியாவில் இந்தத் துறைக்கு அடித்தளம். அதே 1974இல் மும்பை எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலையில் நீரா தேசாய் முன்னின்று ஆய்வுப் பிரிவு தொடங்கினார். 1981இல் அங்கேயே முதல் தேசிய மகளிரியல் மாநாடு. 1986க்குப் பிறகு பல்கலைக்கழக மானியக் குழு ஊர் ஊருக்கு மையங்களுக்கு நிதி கொடுத்தது.

எதற்குச் சொல்கிறேன் என்றால், ஓர் அரசாங்கக் கோப்பில் கிடந்த ஒரு பத்தியைப் பார்த்து "இது என்ன?" என்று சிலர் கேட்டதால் வந்த படிப்பு இது. நீ உன் பதிவேட்டைப் பார்த்துக் கேட்டதும் அதே கேள்விதான். மற்றத் துறைகளிலும் இதைக் கேட்கலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் அங்கே நீ முதலில் "இது ஏன் கேள்வி" என்று நிரூபித்துக்கொண்டிருக்கவேண்டும். இங்கே அந்த வேலை மிச்சம்.

நான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் ஓடியாடியவள். எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கப் போனோம், பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கில். கல் குவாரிப் பெண்கள், கூலி வேலைக்குப் போகிறவர்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த பலரும் 'எத்தனை பேர் கற்றார்கள்' என்று கேட்டார்கள். ஓட்டக் கற்றுக்கொண்டதும் அவள் எங்கே போனாள், யாரைக் கேட்காமல் போனாள் என்று கேட்டவர் மிகச் சிலர். முதல் கேள்விக்கு அறிக்கை போதும். இரண்டாவதற்கு அவளோடு ஒரு வருஷம் இருந்தாகவேண்டும். உனக்கு வேண்டியது இரண்டாவது வகைப் பயிற்சி.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். அந்தப் பதிவேட்டைப் படம் எடுக்காதே, நகல் எடுக்காதே, வீட்டுக்குக் கொண்டுபோகாதே. அந்தப் பெண்கள் உதவிக்காகச் சொன்னது உன் ஆய்வுக்கான தரவு ஆகாது. நாளைக்கு நீ ஆராய்ச்சிக்குப் போனால் நெறிமுறைக் குழு அனுமதி, துறையின் அனுமதி, அந்தப் பெண்ணின் சம்மதம் மூன்றும் வேண்டும். அதுவும் நீ வேலை பார்த்த இடமென்றால், உன்னிடம் உதவி பெற்றவள் உனக்கு எப்படி 'மாட்டேன்' என்று சொல்வாள்? அதையும் யோசி. வேறு மாவட்டத்தில் போய்ச் செய்வது நல்லது.

6. நெறியாளர்

ஆசிரியை அம்மா சொன்னதை ஒட்டி ஒரு வேண்டுகோள். இந்த இழையில் யாரும் தனிப்பட்ட வழக்கு விவரம், ஊர், பெயர், ஆளை அடையாளம் காட்டும் எதையும் எழுதவேண்டாம். தொடருங்கள்.

7. வடமராட்சியாள்

நான் யாழ்ப்பாணம். உங்களின்ர இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தமிழ்நாட்டில் நீங்கள் 'பாலினம்' என்று எழுதுவதை நாங்கள் 'பால்நிலை' என்போம். எனக்கு எங்கட சொல்லுத்தான் பிடிப்பு, ஏனென்றால் அதில் 'நிலை' இருக்கு. பிறப்பால் வருவதை விட, சமூகம் எங்கே நிறுத்தி வைத்திருக்கு என்பதை அது சொல்லும்.

என்னுடைய முதுமாணி (முதுகலை) ஆய்வு தேசவழமையைப் பற்றியது. யாழ்ப்பாணத் தமிழருக்கான அந்தச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் பெயரில் இருக்கும் காணியை விற்கக்கூட கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். சீதனக் காணி என்றாலும் அப்படித்தான். 2009க்குப் பிறகு எத்தனையோ பெண்களின் கணவன்மார் எங்கே என்றே தெரியாது. இறந்த சான்றிதழும் இல்லை, ஆளும் இல்லை. சம்மதம் யாரிடம் வாங்குவது? பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் என்று எல்லா அறிக்கையிலும் ஒரு வரி வரும். அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமான காணியை அந்தத் தலைவியால் ஈடு வைக்கவோ விற்கவோ இயலாமல் இருந்ததை அந்த வரி சொல்லாது.

இதை நான் சட்டப் படிப்பில் செய்திருந்தால் பிரிவு இன்னது, தீர்ப்பு இன்னது என்று முடிந்திருக்கும். பால்நிலைக் கற்கையில் செய்ததால் அந்தப் பெண்களோடு கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) பிரதேச செயலகத்துக்கும் நடந்து, ஒவ்வொரு மேசையிலும் என்ன கேட்டார்கள் என்று எழுத முடிந்தது. தங்கச்சி, உங்கட கேள்வியும் அந்த மாதிரியானதுதான். விடாதீர்கள்.

8. மலைக்கோட்டை_நிழல்

தொண்டு நிறுவனத்தில் 16 வருஷம். ஆள் எடுக்கும் மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து பழக்கம், அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

கல்லூரிப் பணியைப் பற்றிக் கணக்குப்பிள்ளை சொன்னது சரி. ஆனால் வேலை என்றால் கல்லூரி மட்டும் இல்லை. 2013 சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடமெல்லாம் பாலியல் துன்புறுத்தல் புகாருக்கு உள்ளகக் குழு வைக்கவேண்டும், அதில் வெளியிலிருந்து ஒருவர் உறுப்பினராக இருக்கவேண்டும். அந்தக் குழுக்களுக்குப் பயிற்சி கொடுக்க, விசாரணை முறையைச் சொல்லித்தர ஆள் போதவில்லை. திருப்பூர், கோவை ஏற்றுமதி நிறுவனங்களில் வெளிநாட்டு வாங்குவோர் கேட்பதால் இந்தத் தேவை கூடியிருக்கிறது. மகளிர் திட்டம், மருத்துவ ஆய்வு, அரசுத் திட்டங்களின் மதிப்பீடு, ஐ.நா. அமைப்புகளின் திட்டப் பணி இவையும் உண்டு. எல்லாம் நிரந்தரம் இல்லை, மூன்று வருஷத் திட்டம் என்றால் மூன்று வருஷம்தான். அதை மறைக்கமாட்டேன்.

நேர்காணலுக்கு வரும் மகளிரியல் பட்டதாரிகளிடம் நான் பார்க்கும் குறை ஒன்று உண்டு. ஆணாதிக்கம் என்றால் என்ன என்று அரை மணி நேரம் அருமையாகப் பேசுவார்கள். "இந்த ஊரில் எத்தனை பெண்களுக்குக் கைப்பேசி சொந்தமாக இருக்கிறது என்று ஒரு கேள்வித்தாள் தயார் செய்" என்றால் திணறுவார்கள். புள்ளியியல் படித்து வருகிறவர்கள் கேள்வித்தாளை அழகாகச் செய்வார்கள், கணவனையும் மாமியாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெண்ணிடம் "உன் வருமானத்தை யார் செலவழிக்கிறார்" என்று கேட்டுவிட்டு வருவார்கள். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் நான் உடனே எடுத்துக்கொள்வேன், ஒருவர் அப்படி வந்து 7 வருஷமாக எங்களோடு இருக்கிறார்.

கரிசல்_மழைக்கு ஒரு பெண்ணிடம் எப்படிக் கேட்பது என்ற பாதி கைவசம் இருக்கிறது. இரண்டு வருஷம் ஒரு பெண் அழுதபடி சொல்வதைக் கேட்டு எழுதியிருக்கிறார், அதை எந்த வகுப்பும் சொல்லித்தராது. கேள்வித்தாள், புள்ளியியல் என்ற மறு பாதியைப் படிக்கும்போதே சேர்த்துக்கொள்ளவேண்டும்.

9. கூவாகம்_தாண்டி

நான் திருநங்கை. இந்தத் துறையில் எம்.ஏ. முடித்திருக்கிறேன். என்னைப் போன்றவர்கள் யாராவது இந்த இழையைப் படித்தால் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

சேரும்போது பெயர்ப் பலகையில் 'மகளிரியல்' என்று இருந்தது, எனக்கு இடம் இருக்குமா என்ற தயக்கத்தோடுதான் போனேன். வகுப்பில் இடம் இருந்தது. விடுதியில்தான் இல்லை. எந்தக் கட்டடத்தில் போடுவது என்று முடிவு செய்யவே ஒரு பருவம் கழிந்தது, அதுவரை 40 கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து போனேன். தமிழ்நாட்டில் 2008லேயே எங்களுக்கு நல வாரியம் வந்தது, 2014இல் எங்களை மூன்றாம் பாலினமாக ஏற்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தது. இவை இரண்டையும் பாடத்தில் படித்துக்கொண்டே மாலையில் கடைசிப் பஸ்ஸுக்கு ஓடினேன்.

இருந்தும் சொல்கிறேன், வேறு எந்த வகுப்பிலும் நான் என் வாழ்க்கையை உதாரணமாகச் சொன்னால் பரிதாபமாகப் பார்த்திருப்பார்கள். இங்கே எதிர்க்கேள்வி கேட்டார்கள், விவாதித்தார்கள். அந்த மரியாதை எனக்குப் பெரிது.

10. கணக்குப்பிள்ளை

மூன்று நாளாக இழையை வாசித்துக்கொண்டிருந்தேன். என் கருத்தில் பாதியை மாற்றிக்கொள்கிறேன், பாதியில் நிற்கிறேன்.

மாற்றிக்கொண்டது எதனால் என்றால், மலைக்கோட்டை சொன்ன அந்த மாமியார் விஷயம். நான் தேசியக் குடும்ப நல ஆய்வின் தரவில் வேலை செய்திருக்கிறேன். 2019-21 சுற்றில் தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரை உள்ள மணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனிடம் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். நாட்டு அளவில் 29.3. இதைப் பார்த்ததும் "தமிழ்நாடு அவ்வளவு மோசமா" என்று எல்லோரும் கேட்பார்கள். நானும் கேட்டேன். ஆனால் அந்தக் கேள்விகளை ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும்தான் கேட்பார்கள், தனிமை கிடைத்தால் மட்டும் கேட்பார்கள். வாய்விட்டுச் சொல்லத் துணிந்தவர்கள்தான் எண்ணிக்கையில் வருகிறார்கள். ஆகவே எண் கூடியிருந்தால் அடி கூடுதலா, சொல்லும் துணிவு கூடுதலா? தரவுக் கோப்புக்குள் உட்கார்ந்துகொண்டு என்னால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. கரிசல்_மழை போன்ற ஒருவர் போய் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். அதே மாதிரி 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வு. வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் அதற்குக் கொடுத்தார்கள், ஆண்கள் 97. அந்த எண்ணை எடுத்தவர்கள் புள்ளியியல்காரர்கள். அதை எண்ணவேண்டும் என்று பல வருஷம் கத்தியவர்கள் மகளிரியல்காரர்கள்.

மாறாதது: பணம். ஜே.ஆர்.எஃப். கையில் வரும்வரை என்ன சாப்பிடுவது என்பதற்குத் திட்டம் இல்லாமல் கிளம்பாதீர்கள். பல்கலைக்கழக மையங்களையும் நம்பி இருக்கமுடியாது. 2017இல் 12ஆம் ஐந்தாண்டுத் திட்டம் முடிந்தபோது மகளிரியல் மையங்களுக்கு நிதி தொடருமா என்று நாடு முழுக்கப் பதறினார்கள். அரசு ஒரு துறையைத் திட்ட நிதியில் வைத்திருக்கிறது என்றால் அதில் வேலை பார்க்கிறவர்களும் திட்டக்காலத்துக்குத்தான்.

தங்கை நன்றாக இருக்கிறாள். இப்போது ஒரு மருத்துவ ஆய்வில் களப் பொறுப்பாளர். இழையைக் காட்டினேன். "நான் படித்ததற்கு வருத்தப்பட்டதாக நீ எப்படி எழுதலாம், நான் வருத்தப்பட்டது காகிதத்துக்கு அலைந்ததற்கு" என்று சண்டை பிடித்தாள். அவள் சார்பில் அதையும் பதிந்துவிடுகிறேன்.

11. டானூப்_கரை

ஐரோப்பாவிலிருந்து. வெளிநாடு பற்றி யாரும் எழுதாததால் சுருக்கமாக.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் திட்டத்தில் கெம்மா என்று பெண்ணிய, பாலினக் கல்விக்காகவே ஒரு கூட்டு முதுகலை உண்டு, ஸ்பெயினின் கிரனடா பல்கலை ஒருங்கிணைக்கிறது. எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ, கட்டணமும் இல்லை. போட்டி கடுமை. பட்டியலினத்து மாணவர்களுக்கு மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை இருக்கிறது, ஆனால் 2022இல் விதியை மாற்றி இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் சார்ந்த ஆய்வுத் தலைப்புகளை விலக்கினார்கள். யாருக்கு இந்தக் கேள்விகள் அதிகம் தேவையோ அவர்களுக்கே கதவை அடைத்த மாதிரி. அந்தக் கோபம் எனக்கு இன்றும் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் நலத் துறையும் வெளிநாட்டுப் படிப்புக்கு உதவித்தொகை தருகிறது, அதன் விதிகளைத் தனியாகப் படியுங்கள்.

வெளிநாட்டில் எல்லாம் சுகம் என்று நினைக்கவேண்டாம். ஹங்கேரி அரசு 2018இல் பாலினக் கல்வி முதுகலைக்கான அங்கீகாரத்தையே எடுத்துவிட்டது. புடாபெஸ்டில் இருந்த மத்திய ஐரோப்பியப் பல்கலை பின்னர் வியன்னாவுக்கு இடம் மாறியது. இங்கே என்னோடு படித்தவர்களில் சிலர் அப்படி மூட்டை கட்டி வந்தவர்களிடம் பாடம் கேட்டவர்கள்.

உங்கள் கேள்வி தமிழ்நாட்டில் இருக்கிறது, அதனால் எம்.ஏ.வை அங்கேயே செய்யுங்கள் என்பது என் எண்ணம். நான் இங்கே வந்து முதல் வருஷம் முழுக்க எங்கள் ஊர்ச் சாதி எப்படி வேலை செய்கிறது என்று வகுப்பில் விளக்கிக்கொண்டே இருந்தேன். அங்கே படித்திருந்தால் விளக்கத்தைத் தாண்டி அடுத்த படிக்குப் போயிருப்பேன்.

12. வைகை_வெயில்

ஆங்கிலம் பற்றி விட்டுப்போனது. நானும் தமிழ் வழிதான். முதல் பருவத்தில் 20 பக்கக் கட்டுரை ஒன்றை வாசிக்க நான்கு நாள் ஆனது. ஒரு நோட்டில் ஒவ்வொரு பத்தியையும் இரண்டு வரித் தமிழில் எழுதிக்கொண்டே வந்தேன். மூன்றாம் பருவத்தில் அந்த நோட்டை வகுப்புத் தோழிகள் நகல் எடுத்தார்கள். வகுப்பில் எல்லோரும் 'ஏஜென்சி' 'ஏஜென்சி' (தானாக முடிவெடுத்துச் செயல்படும் ஆற்றல்) என்று பேசுவார்கள், அதைத் தமிழில் எழுதப் போனால்தான் நமக்கு உண்மையில் புரிந்ததா என்று தெரியும்.

அப்புறம், பெண் ஆய்வாளர்களுக்கு முனைவர் பட்டத்தில் 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு, முடிக்கும் காலத்திலும் 2 வருஷம் கூடுதல் சலுகை உண்டு. இது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதியிலேயே இருக்கிறது. எங்கள் பக்கம் ஓர் அக்காவுக்கு இதை யாரும் சொல்லவில்லை, குழந்தை பிறந்ததும் பதிவையே ரத்து செய்துகொண்டு போனார். அவருடைய ஆய்வு வழிகாட்டியும் சொல்லவில்லை, அலுவலகத்திலும் சொல்லவில்லை. அதனால் இதை எந்த இழையில் கண்டாலும் எழுதிவிடுகிறேன்.

13. கரிசல்_மழை

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரம் யோசித்தேன், வீட்டிலும் பேசினேன்.

முடிவு இது. இந்த வருஷம் வேலையை விடவில்லை. சம்பளத்தில் மாதம் கொஞ்சம் தனியாக எடுத்து வைக்கிறேன். க்யூட் பிஜி எழுதுகிறேன், தமிழ்நாட்டுப் பல்கலைகள் இரண்டுக்கு விண்ணப்பிக்கிறேன். மகளிரியல்தான். கூடவே அடிப்படைப் புள்ளியியலை இலவசப் பாடமாகத் தொடங்கிவிட்டேன், கணக்குப்பிள்ளை அண்ணா தனிமடலில் வழி சொன்னார். அம்மா பெட்டி ஒட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். "அந்தப் பொம்பளைங்க திரும்ப வராம இருக்க ஏதாவது பண்ணுவியா?" என்றார். "முதல்ல ஏன் திரும்ப வர்றாங்கன்னு கண்டுபிடிக்கணும்மா" என்றேன். "அதுக்கு ரெண்டு வருஷமா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "சரி, அப்பாகிட்ட நான் பேசுறேன்" என்றார்.

விண்ணப்பத்தோடு எழுதவேண்டிய நோக்க அறிக்கையை முதலில் தமிழில் எழுதிப் பார்க்கிறேன். முதல் பத்தி இது. தயவுசெய்து திருத்துங்கள்.

"குடும்ப வன்முறையிலிருந்து உதவி தேடி வரும் பெண்களின் வழக்குகள் பதிவேட்டில் பெரும்பாலும் 'சமரசம்' என்று முடிகின்றன. அதன்பின் அந்தப் பெண் தன் கணவன் வீட்டுக்குத் திரும்பிப் போகிறாள். அவள் அங்கே எப்படி இருக்கிறாள் என்பதைப் பதிவேடு கேட்பதில்லை. சமரசம் என்ற சொல்லை யார் முதலில் சொல்கிறார்கள், அப்போது அந்த அறையில் யார் யார் இருக்கிறார்கள், அவள் என்ன சொல்கிறாள் என்பதை ஆராய விரும்புகிறேன்."

14. ஓய்வுபெற்ற_ஆசிரியை

நன்றாக இருக்கிறது மகளே. அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாயே, அதுதான் இதன் உயிர். அந்த வரியைத் தொடாதே.

ஒரே ஓர் இடம். "திரும்பிப் போகிறாள்" என்று எழுதியிருக்கிறாய். நீ பார்த்த இரண்டு வருஷத்தில் அவள் தானாகப் போனாளா? மையத்தில் உள்ளவர்கள் அதை வாய்ப்பேச்சில் எப்படிச் சொல்வார்கள்?

15. கரிசல்_மழை

"சேர்த்து வைத்து அனுப்பியாச்சு" என்போம் அம்மா. நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

மாற்றிவிட்டேன்: "அதன்பின் அந்தப் பெண்ணைக் கணவன் வீட்டுக்குச் சேர்த்து வைத்து அனுப்புகிறோம்."